டென்ட் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். நாலு பேர் படுக்கிற டென்ட் ஒன்று, ஸ்லீப்பிங் பேக் நாலு, கேஸ் அடுப்பு, தலையில் மாட்டும் லைட், மடக்கு நாற்காலி. ஆளுக்கு எட்டாயிரம் போட்டு இதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஜனவரியில் ஆபீஸ் பிள்ளைகளோடு மூணாறு பக்கத்துக் கொழுக்குமலையில் படுக்க வருவதாகச் சொன்னாய். எந்தக் கம்பெனி டென்ட் நல்லது, நான் சமையல் வேலை பார்க்கிற கேம்ப்பில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜீப் விஷயம் வந்தால் குறுக்கே பேசுவார்.

எந்த டென்ட் என்பது கடைசியாகக் கேட்க வேண்டியது. முதலில் இதைக் கேள்: நடுராத்திரி மழை அடித்து, காற்றில் முளைக்கம்பி பிடுங்கிக்கொண்டால் யார் எழுந்து போவது? நீ தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள், ஒழுகுகிற கூரைக்கு நடுவில் தூங்கிப் பழகியவள். உன்னோடு வருகிற மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டுக்கு வெளியே படுத்ததே இல்லை என்று நீயே சொன்னாய். அப்போது நாலு பேருக்கும் சேர்த்து நீ ஒருத்திதான் எழுந்திருக்க வேண்டும். கேம்ப்பில் வாங்குகிற காசு மெத்தைக்கும் சிக்கனுக்கும் மட்டும் என்று நினைக்காதே. ராத்திரி விழித்திருக்க ஆள் இருக்கிறதே, பாதிக் காசு அதற்குத்தான். பழகப் பழக அந்த வேலையை நீங்களே செய்துகொள்ளலாம், காசும் குறையும். பழகாத காலத்தில் அந்த இடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்களைத்தான் நான் விடியற்காலையில் அடுப்படிக்கு வந்து கட்டன் சாயா கேட்டு நடுங்கிக்கொண்டு நிற்கப் பார்க்கிறேன்.

கையில் காசு கம்மி என்றால் என்ன செய்வது என்று கேட்பாய். மலையில் கீழே இறங்கு. மேலேயே படுப்பேன், சாமானை மட்டும் மலிவாக வாங்குவேன் என்று நிற்காதே. கேம்ப்புக்கு வந்த ஒரு வாத்தியார் சொன்ன கணக்கு இது: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி, ஆறரை டிகிரி குறையும். கொழுக்குமலை 7,900 அடி, அதாவது 2,400 மீட்டர். மாமா இருக்கிற கம்பம் 400 மீட்டருக்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு பதிமூன்று டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. கம்பத்தில் ஒரு போர்வையோடு படுத்துக்கொள்ளலாம். அதே ராத்திரி மேலே நல்ல ஸ்லீப்பிங் பேக், கீழே விரிக்கப் பாய், காற்றுக்குத் தாங்கும் டென்ட், தொப்பி, கையுறை எல்லாம் வேண்டும். ஆக, நீ வாங்கப்போகிற சாமானின் விலையை முடிவு செய்வது கடைக்காரன் இல்லை, நீ படுக்கப்போகிற உயரம்.

ஜனவரியில் மூணாறு எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். லட்சுமி எஸ்டேட்டிலும் செண்டுவாரையிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பெங்களூரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுப்பதுதான் உன் தோழிகளுக்குத் தெரிந்த குளிர்.

இங்கே என்னென்ன விதமாகப் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

எங்கள் கேம்ப் மாதிரி இடங்கள் சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் நிறைய முளைத்துவிட்டன. டென்ட்டை அவர்களே அடித்து வைத்திருப்பார்கள், உள்ளே மெத்தை, ரஜாய். ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை கேட்கிறார்கள். சனி ஞாயிறில் ஏறும். கொழுக்குமலைக்கு விடியற்காலை ஜீப் தனிக் காசு. உன் அப்பா சொல்லச் சொல்கிறார்: அந்தப் பாதையில் காரை விடக் கூடாது, ஜீப்புக்கான காசை வண்டிக்கு எத்தனை பேரோ அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொண்டால் பாரமில்லை. மலை உச்சி தேனி மாவட்டம், பாதை கேரளா. ஏறும்போது ஒரு மாநிலம், சூரியன் உதிக்கும்போது இன்னொரு மாநிலம்.

கேம்ப் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. போன் செய்து நாலு விஷயம் கேள், பதில் சொல்கிற தோரணையிலேயே தெரிந்துவிடும். பஞ்சாயத்து லைசென்ஸ் இருக்கிறதா? ராத்திரி தங்குகிற ஆள் யார், எத்தனை பேர்? டென்ட் சரிவிலா சமதரையிலா, சுற்றி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களா? கக்கூஸ் எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு உண்டா? கக்கூஸ் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதே. பெண்பிள்ளைகள் இருட்டில் தனியாக நடக்கிற தூரம் அதுதான். பாட்டுப் பெட்டியைப் பெரிதாக வைத்துக் கூத்தடிக்கிற கேம்ப்புகளும் உண்டு. எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சத்தம் போட்டால் யானை வரும் சத்தம் எப்படிக் கேட்கும்?

யானை என்றதும் சிரிக்காதே. அரிக்கொம்பன் கதை உனக்குத் தெரியும். சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கினான். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், ஒரு மாதத்தில் கம்பம் டவுனுக்குள் ஓடி வந்தான். மாமா மொட்டை மாடியில் நின்று பார்த்ததை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்புறம் ஜூனில் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் போனால் என்ன, மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. அரிசி, உப்பு, பலாப்பழம், வாழைப்பழம், சாராய வாடை, எதுவும் டென்ட்டுக்குள் இருக்கக் கூடாது. பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். எங்கள் கேம்ப்பில் சாப்பாட்டு மிச்சத்தை ராத்திரியே மூடி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் படுப்பேன். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்க வந்த ஒரு பெண்ணை யானை கொன்றுவிட்டது. அனுமதி இல்லாமல் நடத்திய இடம் அது. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேள் என்று நான் சொன்னது இதனால்தான்.

அடுத்தது வனத்துறை நடத்துவது. காசு கூட. ஆனால் காவலும் காட்டுக்குள் போக உரிமையும் அந்தக் காசிலேயே சேர்ந்து வருகிறது. சின்னாறில், உடுமலை - மறையூர் ரோட்டை ஒட்டி, காட்டுக்குள் மரவீடுகள் இருக்கின்றன. மழை மறைவுப் பகுதி, அதனால் மூணாறு நனைகிற நாளிலும் அங்கே காய்ந்துதான் கிடக்கும். கூட வருகிறவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்த மலைவாசி ஆட்கள். பறம்பிக்குளம் கேரளாவுக்குச் சொந்தம், போகிற வழியோ பொள்ளாச்சி, ஆனைமலை, டாப்சிலிப். அங்கே டென்ட் வீடு, மரத்து மேல் குடில் எல்லாம் உண்டு, சாப்பாடும் காட்டுக்குள் கூட்டிப்போவதும் சேர்த்தே ஒரு தொகை. தேக்கடியில் இரண்டு நாள், மூன்று நாள் காட்டுக்குள் நடந்து டென்ட் போட்டுத் தங்குகிற டைகர் டிரெயில் இருக்கிறது. சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள், துப்பாக்கியோடு காவலர் வருவார். வழிகாட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் அதே காட்டில் வேட்டையாடியும் வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்தும் பிழைத்தவர்கள். இன்று காட்டைக் காக்கிறார்கள். எந்தப் புதரில் என்ன படுத்திருக்கும் என்பதை அவர்களைவிட யார் சொல்லிவிட முடியும்? என்னைக் கேட்டால், நாலு பேரும் காசு சேர்த்து ஒரு தடவை போக வேண்டிய இடம் அது. முதல் தடவைக்கு வேண்டாம், நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

மீசைப்புலிமலை எப்போது என்று நீ மூன்று வருஷமாகக் கேட்கிறாய். 2,640 மீட்டர், ஆனைமுடிக்கு அடுத்தபடி அதுதான். கேரள வன வளர்ச்சிக் கழகம் மூலம் பதிந்தால் ரோடோவேலியில் தங்க இடமும், காலையில் நடக்கக் கூட ஆளும் தருவார்கள். காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) பூத்திருக்கிற சமயம் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. ஆனால் உன்னோடு வருகிறவர்களில் ஆஸ்துமா இருக்கிற பிள்ளையை முதல் பயணத்திலேயே அங்கே இழுத்துக்கொண்டு போகாதே.

மூன்றாவது, உன் சொந்த டென்ட்டை உனக்குத் தெரிந்தவர் நிலத்தில் போடுவது. உங்கள் எட்டாயிரத்துக்கு இதுதான் சரி. இதைப் பற்றி நீ யோசிக்கவே இல்லை. மாமா வீட்டுக் களம் இருக்கிறது. சமதரை, தண்ணீர் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, ஒத்துவராவிட்டால் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். தரை சிமென்ட் என்பதால் முளை இறங்காது, நாலு மூலையையும் கல்லில் கட்ட வேண்டும். அதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், பாறைமேல் போட்டால் இதே கதைதான். திராட்சைப் பந்தலுக்குக் கீழே போட்டால் போட்டோ அழகாக வரும் என்று உன் தோழி சொல்வாள். மருந்து அடிக்கிற தோட்டம் அது, வேண்டாம். தென்னைமரத்தடியும் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஒரு ராத்திரி படுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். விடியும்போது உள்துணியில் தண்ணீர் கோத்து நிற்கும். டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரனைத் திட்டுவீர்கள். அது உங்கள் மூச்சுதான். இரண்டு அடுக்குத் துணி, மேலே காற்று போக வழி இருக்கிற டென்ட் என்றால் குறையும், அடியோடு நிற்காது. நாலு பேர் டென்ட் என்று எழுதியிருப்பதை நம்பாதே. நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் கொள்ளும் என்று அர்த்தம், பைகள் வெளியே கிடக்கும். உங்களுக்கு இரண்டு பேர் டென்ட் இரண்டோ, மூன்று பேர் டென்ட் இரண்டோ போதும். சுமப்பதையும் பிரித்துக்கொள்ளலாம், ஒன்று கிழிந்தால் இன்னொன்று இருக்கும். மழைக்கு எத்தனை மில்லிமீட்டர் தாங்கும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். நம் பக்கத்து மழைக்கு இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்தால் எடுக்காதே. வாங்கியதும் மொட்டை மாடியில் போட்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார். பெங்களூரில் வாடகைக்கும் கொடுக்கிறார்கள், முதல் தடவைக்கு அதுவே போதும்.

நான்காவது விதம், எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய் இஷ்டப்பட்ட இடத்தில் போடுவது. வீடியோவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் மலையில் அப்படி இஷ்டப்பட்ட இடம் என்று ஒன்று கிடையாது. காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். சரணாலயமாக இருந்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். காடு இல்லாத இடம் யாராவது ஒருவரின் ஏலத்தோட்டமாகவோ தேயிலைத் தோட்டமாகவோ இருக்கும்.

சட்டத்தை விடு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது தீயில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாம் உன்னைப் போலப் பிள்ளைகள். இருபத்துமூன்று பேர் போய்விட்டார்கள். கோடையில் அந்தச் சரிவில் ஆள் உயரத்துக்குப் புல் காய்ந்து நிற்கும். தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனுஷனால் ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கண்டிப்பான விதிகள் போட்டார்கள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் யார் கூப்பிட்டாலும் அந்தச் சரிவுப் பக்கம் போகாதே. யார் கூப்பிட்டாலும் என்றால், நம் சொந்தக்காரர்கள் கூப்பிட்டாலும்தான்.

நடக்கப் பழக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை நாற்பது பாதைகளைத் திறந்துவிட்டது. லேசானது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், ஆன்லைனில் பதியலாம், வழிகாட்டி கூட வருவார். குரங்கணி - சாம்பலாறு அதில் ஒன்று. போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம், ராத்திரி தங்கல் கிடையாது. கால் எவ்வளவு தாங்கும், ஷூ எங்கே கடிக்கிறது, யார் பாதி வழியில் முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கூட வருகிறவரின் குணம் தெரியாமல் ஒரே டென்ட்டில் படுக்காதே, பாப்பா. மலையில் சண்டை போட்டுக்கொண்டு இறங்கிய சிநேகிதர்களுக்கு நான் எத்தனையோ தடவை தோசை சுட்டுப் போட்டிருக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவார்கள்.

இப்போது உன் பட்டியல். மடக்கு நாற்காலியை அடித்துவிடு. கேஸ் அடுப்பை இப்போதைக்கு அடித்துவிடு. மாமா வீட்டில் அத்தை அடுப்பு இருக்கிறது, கேம்ப்பில் நான் இருக்கிறேன். லைட் வாங்கு, ஆளுக்கு ஒன்று. முதல் காசைக் கீழே விரிக்கிற பாய்க்கும் ஷூவுக்கும் போடு. நுரைப்பாய் போதும், காற்றடிக்கிற மெத்தை முள் குத்தினால் முடிந்தது. எல்லாரும் மேலே போர்த்துவதையே யோசிக்கிறார்கள், குளிர் கீழேயிருந்து ஏறுகிறது. நீ படுத்ததும் உன் கனத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூடு தாங்காது. தரைக்கும் உனக்கும் நடுவில் இருப்பது அந்தப் பாய் மட்டும்தான்.

ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளில் இரண்டு மூன்று டிகிரிக் கணக்கு இருக்கும். கடைக்காரன் குறைந்ததைக் காட்டி விற்பான். கம்ஃபர்ட் என்று போட்டிருக்கிறதைப் பார். அது சராசரிப் பெண் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிற குளிர். அதற்குக் கீழே லிமிட் என்று போட்டிருப்பது ஓர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற குளிர். ஜனவரி கொழுக்குமலைக்குக் கம்ஃபர்ட் ஐந்து டிகிரியோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும். அது விலை அதிகம். வேண்டாம் என்றால், நம் வீட்டில் எஸ்டேட் கம்பளி இரண்டு சும்மா கிடக்கிறது, உள்ளே போட்டுக்கொள். குத்தும், ஆனால் நனைந்தாலும் சூடு விடாது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயவே காயாது, அவற்றைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.

இன்னொன்று, இதில் நான் விளையாட மாட்டேன். குளிர்கிறது என்று கரி நெருப்பை டென்ட்டுக்குள் வைக்கச் சொல்வார்கள், சட்டியில் கொண்டு வந்து கொடுக்கிற இடமும் உண்டு. வேண்டாம் என்று திருப்பி அனுப்பு. அடுப்பும் உள்ளே பற்ற வைக்கக் கூடாது. அதிலிருந்து வருகிற விஷவாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நெருப்பு வெளியே இருக்கட்டும், அதுவும் கேம்ப்காரர் போட்ட இடத்தில்.

அட்டைப்பூச்சியைப் பற்றிக் கேட்டாய். ஜனவரியில் கவலை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வந்தால் உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்ஸும் கொஞ்சம் புகையிலையும் போதும். அந்த மாதங்களில் கேம்ப் வியாபாரமும் படுத்துவிடும், எனக்கும் வேலை இருக்காது. அப்போது நீ மட்டும் வா, வீட்டில் படுக்கலாம்.

ஆக, நான் சொல்கிற வரிசை இது. டிசம்பரில் ஒரு நாள் நடைப்பாதை போய் வாருங்கள். அப்புறம் வாடகை டென்ட்டோடு மாமா களத்தில் ஒரு ராத்திரி. ஜனவரியில் இங்கே கேம்ப்பில் தங்கிக்கொண்டு, விடியற்காலை ஜீப்பில் கொழுக்குமலை பார்த்துவிட்டு இறங்குங்கள். மேலே உச்சியில் டென்ட்டில் தங்குவது அடுத்த வருஷம் இருக்கட்டும். இவ்வளவும் சேர்த்து எட்டாயிரத்தில் மிச்சம் வரும், பாயும் லைட்டும் ஷூவும் கையில் இருக்கும். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் டென்ட் வாங்கு, நானே ஆயிரம் தருகிறேன்.

தேதியைப் பொங்கலுக்கு முன்னாலேயே சொல்லிவிடு, பொங்கல் லீவில் ஜீப்பும் கிடைக்காது, இடமும் கிடைக்காது. சனிக்கிழமையைத் தவிர்த்தால் முதலாளியிடம் பேசி விலை குறைக்கிறேன். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறித் தேனியில் இறங்கினால் காலையிலேயே போடிமெட்டு ஏறிவிடலாம். எப்படியானாலும் இருட்டுவதற்கு முன்னால் சூரியநெல்லி வந்து சேர வேண்டும் என்கிறார் உன் அப்பா. அந்த ஆஸ்துமா பிள்ளையிடம் மருந்தை இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொல், ஒன்று உன் பையில் இருக்கட்டும். யார் யார் மீன் சாப்பிட மாட்டார்கள் என்றும் எழுது, கப்பையும் மீன் குழம்பும் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா